நாலு பேருக்கு ஒரு மணிச்சட்டம்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் யாரோ ஒரு பழைய போட்டோவைப் போட்டிருந்தீர்கள். ஆண்டு விழா மேடையில் நான் நிற்கிறேன். எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை, இடுப்பில் நிற்காத பாவாடை, கையில் ஜிகினாத் தாள் சுற்றிய பரிசு. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டுகிற பொம்மைகள். "அன்னைக்கே மேடையில உண்மை பேசின பொண்ணு" என்று ஒருத்தர். "இவளுக்குப் பொய்யே வராது, அப்பவும் இப்பவும்" என்று இன்னொருத்தர். இரண்டு நாள் நான் போனைத் தொடவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லையப்பா. உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாலே பேர்தான். மற்ற மூன்று பேரும் இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை. நாலாவது ஆள் நான். நாமெல்லாம் நாற்பதைத் தொட்டுவிட்டோம், கண்ணாடி போடாமல் எனக்கு அரிசியில் கல் தெரிவதில்லை. இனியும் இதை உள்ளே வைத்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை. எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு, ஐப்பசி மாதம். மழை வெறித்து, பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கரிசல் சேறு. செருப்போடு நாலு எட்டு வைத்தால் சேறு அப்பி அப்பி ஆளே அரையடி உயர்ந்துவிடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? வாசலில் கிடந்த ஓட்டுத் துண்டால் சுரண்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் போக முடியும். அப்படி நாம் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் தாளாளரின் வேனில் அந்த மரப்பெட்டி வந்து இறங்கியது.

தாளாளர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. புது மிஷின் பார்க்கச் சீனாவுக்குப் போனவர், மிஷினை விட்டுவிட்டுப் பதினோரு மணிச்சட்டங்களை வாங்கி வந்திருந்தார். அங்கே ஏதோ ஒரு கடையில் நம் வயதுப் பெண் ஒருத்தி அதைத் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டதைப் பார்த்து அசந்துபோனாராம். "நம்ம பிள்ளைகளும் இப்படிப் போடணும். ஊரே வந்து பாக்கணும்" என்று காலைக் கூட்டத்தில் மைக்கில் சொன்னார். கறுப்பு மரச் சட்டம். குறுக்கே மூங்கில் குச்சிகள், ஒவ்வொரு குச்சியிலும் மேலே இரண்டு மணி, கீழே ஐந்து மணி, நடுவில் ஒரு தடுப்புக் கட்டை. கீழ்மணி ஒன்று என்றால் ஒன்று, மேல்மணி ஒன்று என்றால் ஐந்து. பெட்டியைத் திறந்ததும் ஒரு வார்னிஷ் வாசம் வந்தது பாருங்கள், இன்றைக்கும் புதுக் கட்டில் கடை வந்தால் நான் தெருவின் எதிர்ப் பக்கம் மாறிவிடுகிறேன்.

அபாகஸ் டீச்சரை உங்களுக்கு மறந்திருக்காது. புதூர்ப் பக்கத்து ஊர்க்காரர். அந்த ஜூனில்தான் தற்காலிகமாக வந்து சேர்ந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்குமா? அன்றைக்கு நமக்கு அவர் பெரிய மனுஷி. இன்றைக்கு நினைத்தால், என் அக்கா மகளைவிடச் சின்னப் பெண். புருஷன் வீட்டை விட்டு மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர். ஏன் வந்தார் என்று நம் வீடுகளில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒன்றுகூட அவரிடம் கேட்டுச் சொன்னது இல்லை. அந்தக் குழந்தையை நாம் பாப்பா என்றே கூப்பிட்டோம். பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, அதனால் வகுப்பிலேயே நம் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். மூக்கு ஒழுகும், யார் மடி கிடைத்தாலும் தூங்கும்.

தாளாளர் டீச்சரை மதுரைக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார். போய் வந்தவருக்குத் தலைவலி. அங்கே சொல்லிக்கொடுத்த சட்டத்தில் மேலே ஒரு மணி, கீழே நாலு மணிதானாம். சீனாக்காரன் சட்டத்தில் குச்சிக்கு இரண்டு மணி அதிகம். என்ன செய்தார் தெரியுமா? மத்தியான வேளை முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து, அதிகப்படியான மணிகளை ஒவ்வொன்றாக வெள்ளை நூலால் ஓரத்தில் இழுத்துக் கட்டினார். பதினோரு சட்டத்திலும். பாப்பா பின்னாலேயே போய் முடிச்சை அவிழ்க்கும். இவர் மறுபடியும் கட்டுவார். "எங்கம்மால்லா, தொடப்படாது, அம்மாவுக்கு வேல போயிரும்" என்று சொல்லிச் சொல்லிக் கட்டுவார். அதை நாம் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தோம்.

நாம் நாற்பத்துநாலு பேர், சட்டம் பதினொன்று. நாலு பேருக்கு ஒன்று. முதல் இரண்டு நாள் ஒரே பிடுங்கல், கிள்ளல். மூன்றாம் நாள் டீச்சர் ஒரு ஏற்பாடு செய்தார். அவர் சின்ன வயதிலிருந்து லீவு நாளெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். அவர் அம்மா இன்னமும் அங்கேதான். "ஆபீஸ்ல எப்படி? குச்சி அடுக்குதவ அடுக்கிக்கிட்டே இருப்பா, மருந்து முக்குதவரு முக்கிக்கிட்டே இருப்பாரு, பெட்டியில அடைக்கிதவ அடைப்பா. எல்லாத்தையும் ஒரே ஆளு செஞ்சா விடிஞ்சுரும்" என்றார். அதே மாதிரி நம்மையும் பிரித்தார். ஒருத்தர் கணக்கை வாசிக்க, ஒருத்தர் மணியைத் தள்ள, ஒருத்தர் மணியைப் பார்த்து விடையைச் சொல்ல, ஒருத்தர் நோட்டில் எழுத.

எங்கள் குழுவில் வாசிக்கிறவன், தள்ளுகிறவள், எழுதுகிறவன், அப்புறம் சொல்லுகிறவள் நான். என்னை ஏன் சொல்ல விட்டார் என்றால், என் தொண்டை அப்படி. எங்கள் அப்பாவுக்கு இருபது முப்பது ஆடு உண்டு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆட்டை இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டு வளர்ந்த தொண்டை. தள்ளுகிறவளுக்கு வாயே கிடையாது, ஆனால் விரல்! சாயங்காலமெல்லாம் வீட்டில் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸ் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற பிள்ளை. அவள் தள்ளினால் மழைத்தூறல் தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். சத்தம் நின்றதும் நான் மணியைப் பார்த்து விடையைக் கத்துவேன். எழுதுகிறவன் எழுதுவான். முடிந்தது.

என்ன வேகம்! பதினோரு குழுவும் போட்டி போட்டுக்கொண்டு கத்தினோம். பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடமா, பருத்தி ஏலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கார்த்திகையில் தாளாளர் ஒரு நாள் வந்து பின்னால் நின்று பார்த்தார். அவருக்கு வாயெல்லாம் பல். நாங்கள் ஒரு குழுவாக விடை சொன்னதைப் பார்த்தார். நாலு பேருக்கும் முழுசாகத் தெரியும் என்று எடுத்துக்கொண்டார். டீச்சரும் அப்படித்தான் நினைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது டீச்சர்!" என்று நாற்பத்துநாலு தொண்டையும் சேர்ந்து கத்தும். புரியவில்லை என்று தனியாகச் சொல்கிற பழக்கம் நம்மில் யாருக்கு இருந்தது? இன்றைக்கு வரைக்கும் யாருக்கு இருக்கிறது?

மார்கழியில் மைதானம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்ததும் நம்மையே மணியாக்கி விளையாட்டு வைத்தார். தரையில் சுண்ணாம்புக் கோடு, நடுவே ஒரு குறுக்குக் கோடு. நாமெல்லாம் கோட்டில் வரிசையாக நிற்போம். டீச்சர் எண்ணைச் சொன்னால் அதற்குத் தக்க நடுக்கோட்டுக்கு ஓட வேண்டும். வெடிப்பில் கால் மாட்டி விழுந்தவனால் எண்ணிக்கை கெட்டுப்போய் ஏழு எட்டாகும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பாப்பாவைக் கட்டிவைத்த மணி என்று ஓரத்தில் நிறுத்துவோம். அது நிற்காது, ஓடி வந்து நடுக்கோட்டில் உட்கார்ந்துகொள்ளும். டீச்சர் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

இனிமேல் சொல்வதுதான் உங்களுக்குத் தெரியாதது.

தை மாதம். ஒரு நாள் தள்ளுகிறவள் தள்ளி முடிக்கும் முன்னாலேயே நான் விடையைக் கத்திவிட்டேன். சின்னக் கணக்கு. வாசிக்கும்போதே மனசுக்குள் கூட்டிவிட்டேன். வீட்டில் தினமும் ஆடு பட்டிக்குள் நுழையும்போது எண்ணுகிறவள் நான், அதனால் மனக்கணக்கு எனக்குச் சும்மா வரும். டீச்சர் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏட்டி, அவ இன்னும் தள்ளவே இல்ல. ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மனசுல கூட்டினேன் டீச்சர்."

"அது திருட்டு. மணியப் பாக்காமச் சொன்னா திருட்டு, தெரியுமா? மணிச்சட்டம் தெரிஞ்ச ஆளுவ பிள்ளை கண்ணப் பாத்தே கண்டுபிடிச்சுருவாவளாம். கண்ணு மேல போச்சுன்னா மனக்கணக்கு, கீழ இருந்துச்சுன்னா மணி. பயிற்சியில சொன்னாவ. மேடையில வச்சு நீ பிடிபட்டா என் வேல அன்னைக்கே போயிரும்ட்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் செய்ய மாட்டேன் என்றேன். அவருக்கு அது போதவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பாவை இழுத்து என் முன்னால் நிறுத்தினார்.

"இவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. மனசுல கூட்டிச் சொல்ல மாட்டேன்னு."

பண்ணினேன். பாப்பாவின் தலை சூடாக இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு உள்ளங்கையில் ஒட்டியது. தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் குழந்தை செத்துப்போகும். அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இருக்கவில்லை. டீச்சருக்கு அன்றைக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, பயம். இந்த வித்தியாசம் தெரிய எனக்கு இருபது வருஷம் ஆனது.

அடுத்த வாரம் நோட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். உள்ளே டீச்சரும் அவருடைய அண்ணனும். அண்ணன் கடம்பூரில் ஒரு கடையில் நிற்கிறவர், மேசையில் போளிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"ஊர்ல பேசி முடிச்சாச்சு தாயி. பெரியவிய முன்னால மாப்பிள்ளை வீட்டு ஆளுவளும் ஒத்துக்கிட்டாவ. நிரந்தர வேலைன்னு கையில கடுதாசி இருந்தா பிள்ளை ஒங்கிட்ட இருக்கட்டும். இல்லன்னா முழுப் பரிச்ச லீவுக்கு முன்னால அவிய வந்து கூட்டிட்டுப் போயிருவாவ."

"எம்பிள்ளைய எப்படிண்ணே..."

"நான் என்ன செய்ய? தனியா இருக்கிறவ எதை வச்சு வளப்பான்னு கேக்காவ. பதில் சொல்ல முடியலயே."

"ஆண்டு விழா முடியட்டும். நல்லபடியா நடந்தா நிரந்தரம்னு தாளாளர் சொல்லியிருக்காரு. வாயால சொல்லியிருக்காருண்ணே."

அண்ணன் போளிப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினார். அப்போதுதான் டீச்சர் என்னைப் பார்த்தார். நோட்டுகளை வாங்கிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லப்படாது, என்ன?" என்றார். தலையாட்டிவிட்டு நேரே போய் என் குழுவில் மூன்று பேரிடமும் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று நாலு பேரும் பேசினோம். எழுதுகிறவன், "நம்ம நல்லா செஞ்சா பாப்பா இங்கனயே இருக்கும்லா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவ்வளவு லேசாக இருந்தது.

அதற்கப்புறம் பயிற்சி பயிற்சியாக இல்லை. காலையில் முக்கால் மணி நேரம், மத்தியானம் சோற்று நேரத்தில், மணி அடித்தபிறகு. டீச்சருக்குக் கன்னம் ஒட்டிப்போனது. ஒரு விடை தப்பினால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தள்ளுகிறவளுக்கு விரல் நகத்தோரம் வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் பாவாடையில் துடைத்துவிட்டுத் தள்ளினாள். மேடைக்கு எங்கள் குழுவை எடுத்தார். நாங்கள்தான் வேகம்.

எழுதுகிறவன் ஒரு நாள் கேட்டான். "டீச்சர், நானும் ஒரு தடவ தள்ளிப் பாக்கட்டா?"

"விழா முடியட்டும்லே. இப்பப் போயி ஆள மாத்தினா வேகம் கொறஞ்சிரும்."

நானும் கேட்க நினைத்திருந்தேன். அவனுக்குக் கிடைத்த பதிலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த ஒரு நாள் என் கையில் சட்டத்தைக் கொடுத்திருந்தால்! இப்போதும் குளிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, திடீரென்று இந்த நினைப்பு வருகிறது.

மாசியில் ஆண்டு விழா. மைதானத்தில் பந்தல், நாலு மணி வெயில் கீற்று வழியாகப் புள்ளி புள்ளியாக விழுகிறது. தீப்பெட்டி ஆபீஸுக்கு அரை நாள் லீவு விட்டிருந்தார்கள், நம் அம்மாமார் எல்லாரும் விரலில் மருந்துக் கறையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பா ஆடுகளைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுச் சலவைச் சட்டையில் வந்திருந்தார். விருந்தினர் ஜீப்பில் வந்த ஒரு பெரிய அதிகாரி. டீச்சர் மேடைப் படிக்குப் பக்கத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பாப்பாவுக்குப் புதுக் கவுன், அதில் விலைச்சீட்டு பிய்க்காமல் தொங்கியது.

ஐந்து கணக்கு. ஐந்தும் சரி. வாசிக்கிறவன் வாய் மூடும் முன்னால் தள்ளுகிறவள் தள்ள, அவள் கை எடுக்கும் முன்னால் நான் கத்த, பந்தல் அதிர்ந்தது. தாளாளர் அதிகாரியின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். டீச்சர் பாப்பாவின் தலையில் முத்தம் கொடுப்பதைப் பார்த்தேன். முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் மைக்கை அணைத்திருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம், ஒரு மாடு பந்தலுக்குள் நுழைந்திருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை.

அதிகாரி எழுந்தார். "அருமை. ஆனா நாலு பேர் சேர்ந்து செய்யறீங்க. விடை சொன்ன இந்தப் பொண்ணு தனியா ஒண்ணு செஞ்சு காட்டட்டுமே?"

சொல்லுகிறவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்தார். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்?

"சார், அவிய குழுவாத்தான்..." என்று டீச்சர் படியில் ஒரு கால் வைத்தார்.

தாளாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "அதுக்கென்ன சார், செய்வா. இருக்கிறதுலயே கெட்டிக்காரி இவதான்."

மற்ற மூன்று பேரையும் கீழே இறக்கிவிட்டார்கள். சட்டத்தை என் முன்னால் வைத்தார்கள். அதிகாரி தன் வாயாலேயே கணக்கைச் சொன்னார். நாற்பத்தேழு. அதோடு முப்பத்தெட்டைக் கூட்டு. அதிலிருந்து பத்தொன்பதைக் கழி.

அறுபத்தாறு.

அவர் சொல்லி முடித்ததும் விடை என் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. நாற்பத்தேழு மணிச்சட்டத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நாலு மாதமாக மணியைப் பார்த்துச் சொல்லுகிறவள்தானே. அதை வைத்துவிட்டேன். அதன்மேல் முப்பத்தெட்டை ஏற்ற எந்த மணியை மேலே தள்ளி எதைக் கீழே விட வேண்டும் என்று தெரியவில்லை. அறுபத்தாறு எப்படி இருக்கும் என்றும் தெரியும். நேரே அதை வைத்துவிட்டு என் தொண்டையில் ஒரு கத்துக் கத்தியிருந்தால் அந்தப் பந்தலில் ஒரு ஆளுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பாப்பா அம்மாவோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறேனே. சொன்னால் பாப்பா செத்துப்போகும். சொல்லாவிட்டால் பாப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை நான். கண்ணை மேலே தூக்கினால் பிடித்துவிடுவார்கள் என்று குனிந்தே இருந்தேன், கழுத்து வலித்தது. வியர்வை மணியில் சொட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மைக்கில் என் மூச்சுச் சத்தம் மட்டும் புஸ் புஸ்ஸென்று கேட்டது. மேடைக்குக் கீழே நின்ற தள்ளுகிறவள் காற்றில் விரலை அசைத்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாளாம். நான் நிமிர்ந்தால்தானே பார்ப்பேன்?

கடைசியில் ஒரு யோசனை வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். உண்மை சொன்னால் பெரியவர்கள் விட்டுவிடுவார்கள் என்றுதானே நமக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள்.

"சார், எனக்குத் தள்ளத் தெரியாது. நான் சொல்லுதவ மட்டுந்தான்."

அதிகாரி என் பக்கம் குனிந்தார்.

"அப்போ யாருக்குத் தெரியும்?"

"தள்ளுதவளுக்குத் தள்ளத் தெரியும் சார். எழுதுதவனுக்கு எழுதத் தெரியும். நாலு பேரும் இருந்தாத்தான் சார் கணக்கு வரும்."

நன்றாக விளக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "தீப்பெட்டி ஆபீஸ் மாதிரியில்ல இருக்கு!" என்றார். பந்தலே சிரித்தது. நம் அம்மாமாரும் சிரித்தார்கள். தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்ததை மேடையில் அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். அதிகாரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இத்தனை பேர் முன்னால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று மைக்கில் பேசினார். வேறு யாருக்கோ வைத்திருந்த பரிசை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்த நேரம் எடுத்ததுதான் நீங்கள் போட்ட போட்டோ. உள்ளே எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "எம்மவ பொய் சொல்ல மாட்டா" என்று வழி நெடுக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். தோளில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தேன். டீச்சர் அதே படியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா அவர் முந்தானையை இழுத்து இழுத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

பங்குனியில் பாப்பா வகுப்புக்கு வருவது நின்றது. நாம் சும்மா இருந்தோமா? "பாப்பா எங்க டீச்சர்? பாப்பா எங்க டீச்சர்?" என்று நாற்பத்துநாலு பேரும் கேட்டோம். "அவ அப்பா வீட்டுக்குப் போயிருக்கா" என்றார். "எப்ப வருவா?" என்று வாசிக்கிறவன் கேட்டான். எல்லாம் தெரிந்தும் கேட்டான், பாவி. டீச்சர் கரும்பலகை பக்கம் திரும்பி, எழுதியிருந்ததையே திரும்பவும் எழுதினார்.

அந்தக் கடைசி மூன்று வாரத்தைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை. மணிச்சட்ட வகுப்பை நிறுத்திவிடச் சொல்லித் தாளாளர் ஆள் அனுப்பியாயிற்று, ஜூனில் வர வேண்டாம் என்று டீச்சரிடமும் சொல்லியாயிற்று. ஆனாலும் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் டீச்சர் ஒவ்வொரு ஆளாக மேசைக்குக் கூப்பிட்டார். குழு கிடையாது. வாசிக்கவும் தள்ளவும் சொல்லவும் எழுதவும் ஒரே ஆள். யாரும் பார்க்கப் போவதில்லை, யாரும் கைதட்டப் போவதில்லை. விரலைப் பிடித்து, இந்த மணி ஏறினால் அந்த இரண்டு இறங்கணும் என்று, நாற்பத்துநாலு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு நாள்கூட அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நமக்கு நன்றாக இருந்திருக்கும்.

என்னைக் கடைசிக்கு முந்தின நாள் கூப்பிட்டார். வேறு ஏதேதோ கணக்குப் போட்டோம். எனக்குக் கை படிந்துவிட்டது. ஒரே மத்தியானத்தில் படிந்துவிட்டது, அதுதான் கொடுமை. அப்புறம் அவராகவே நாற்பத்தேழு என்றார். வைத்தேன். முப்பத்தெட்டு என்றார். ஏற்றினேன். பத்தொன்பது கழி என்றார். கழித்தேன். அறுபத்தாறு என்று சொன்னேன், கத்தாமல்.

டீச்சர் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மேடையில இது ஒனக்குத் தெரியுமாட்டி?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு எழுத்து. என் ஆயுசில் நான் ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லியிருந்தால், ஒன்றும் தெரியாத பிள்ளை, அவளை என்ன சொல்ல என்று நினைத்துக்கொண்டு அவர் போயிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்கிற பிள்ளை என்று ஊரே என்னைக் கொண்டாடி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"தெரியும் டீச்சர். அவிய சொல்லி முடிக்கவுமே தெரிஞ்சுது."

"பெறகு ஏன்ட்டி சொல்லல?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. அவர் கை தானாக எழுந்து பக்கவாட்டில், மேசை உயரத்துக்கு, பாப்பாவின் தலை இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தார். பிறகு மடியில் போட்டுக்கொண்டார்.

"சரி, போ. அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார்.